போல்ட் தானாக உடைவதில்லை

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரிக்கும் பட்டறைகளில் ஒரு பேச்சு கேள்விமுறை இல்லாமல் செல்லுபடியாகிறது. "அந்தக் காலத்து வண்டி சார், நாலு போல்ட் உடையத்தான் செய்யும்." சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். அதனால் வண்டிக்காரரும் தலையாட்டிவிடுகிறார். முப்பது நாற்பது வருட மழையும் வெயிலும் பட்ட இரும்பு, துருவேறி இறுகிவிட்டது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தால் வந்தால் வரும். உடைந்தால் முனையைப் பிடித்துத் திருப்பி எடுக்க ஈஸி அவுட் இருக்கிறது. அதுவும் உள்ளே ஒடிந்தால் துளையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று இந்தப் பேச்சு நீள்கிறது. வண்டியை ஆசையோடு மீட்டெடுக்க நினைக்கிறவர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். செலவுக் கணக்கு போடும்போதே "உடையப்போகும் போல்ட்டுகளுக்கு" என்று ஒரு தொகையை ஒதுக்கிவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பேச்சை நான் அடியோடு மறுக்கிறேன். இறுகிப்போன போல்ட் உண்டு. துரு உண்டு. ஆனால் எஞ்சினைப் பிரிக்கும் நேரத்தில் போல்ட்டை உடைப்பது துரு கிடையாது, அதன் தலையில் ஸ்பேனரை வைத்தவரின் கைதான். மழையும் வெயிலும் அந்த எஞ்சினுக்குச் செய்த கேட்டைவிட, அதைப் பிரிக்க வந்தவர்கள் செய்த கேடு பெரிது.

முதலில், உடைவதில் என்ன நஷ்டம் என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் மீட்டெடுப்பு என்றாலே பெரும்பாலும் புல்லட்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த 346 சிசி எஞ்சின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்ற அதே கணக்கில், அதிக மாற்றமில்லாமல் ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஓடியது. அதன் சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்ட ஜோடி. ஒரு பாதியை வேறு எஞ்சினிலிருந்து கொண்டுவந்து பொருத்தினால் பேரிங் இருக்கைகள் நேர்கோட்டில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எஞ்சின் நம்பர் அந்த வார்ப்பில்தான் குத்தப்பட்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே நம்பர். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போய் வேறொரு கிராங்க் கேஸ் வாங்கிவந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் படிகளையும் சேர்த்தே ஏற வேண்டும். ஆகப் போல்ட்டின் விலை சில்லறைக் காசு. அது உட்கார்ந்திருக்கும் வார்ப்புக்கு மாற்று இல்லை. போல்ட் உடைவது சகஜம் என்று பேசுகிறவர்கள் போல்ட்டின் விலையை வைத்துப் பேசுகிறார்கள். உடைந்த முனையை எடுக்கப்போய் ஓட்டையாகும் வார்ப்பின் விலையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

யார் கேடு செய்தது என்பதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். எந்தப் பழைய புல்லட்டின் டைமிங் கவரையும் குனிந்து பாருங்கள். நீளக் கீறல் உள்ள வட்டத்தலை ஸ்க்ரூக்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சுழற்றிய தழும்புகள் இருக்கும். கவரும் கேஸும் சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை நெம்பிய பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் எண்ணெய் கசிகிறது. "புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்ற இன்னொரு பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. துரு உளி பிடிக்காது. நெம்பவும் நெம்பாது.

அடுத்து ஸ்பேனர். புல்லட்டின் பழைய எஞ்சின் பிரிட்டிஷ் அளவில் பிறந்தது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த முறையின் வழிவந்த அளவுகள் அவை. அந்த ஸ்பேனர்களில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், தலையின் அகலத்தைக் குறிக்காது. 5/16 பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நெருக்கப் புரி) போல்ட்டின் தலை 13.3 மி.மீ. அகலம். 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். 1/4 பி.எஸ்.எஃப். என்றால் 11.3 மி.மீ.; அங்கே 12 ஆடும். 3/8 பி.எஸ்.எஃப். என்றால் 15.2 மி.மீ.; அங்கே 16 ஆடும். எத்தனை பட்டறைகளில் முழு விட்வொர்த் செட் தொங்குகிறது? மெட்ரிக் ஸ்பேனரை வைத்து, ஆடுகிற இடைவெளிக்கு ஒரு தகட்டைச் சொருகி, முழு பலத்தையும் ஆறு மூலைகளில் இரண்டின் மேல் போட்டால் மூலை மழுங்கும். மழுங்கிய பிறகு பைப் ரென்ச். பைப் ரென்ச் போட்டபின் தலை தனியே கையோடு வரும். அந்தப் போல்ட் துருவால் போகவில்லை, ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்கு இடைவெளியால் போனது. ஜப்பானிய வண்டிகளிலும் இதே கதைதான். 1985இல் இங்கே வந்த ஆர்எக்ஸ் 100இன் கவர் ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தரத்து நட்சத்திரத் தலை கொண்டவை. நாம் வைப்பதோ சாதாரண பிலிப்ஸ் முனை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. பிலிப்ஸ் முனை அந்தக் குழியில் முழுதாக அமராமல், அழுத்தம் கூடியதும் வழுக்கி மேலே ஏறித் தலையைக் குடைந்துவிடும். "ஸ்க்ரூ ஸ்லிப் ஆயிடுச்சு" என்பார்கள். ஸ்க்ரூ ஒன்றும் செய்யவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. மெட்ரிக் 8 மி.மீ. போல்ட் அந்தத் துளையில் ஒன்றிரண்டு புரி தாராளமாக ஏறும். ஆனால் பி.எஸ்.எஃப். புரி அங்குலத்துக்கு 22, கோணம் 55 டிகிரி. மெட்ரிக் 8இன் புரி அங்குலத்துக்கு இருபது சொச்சம், கோணம் 60 டிகிரி. மூன்றாவது நான்காவது சுற்றில் அது இறுகத் தொடங்கும். "டைட்டா இருக்கு, நல்லா புடிச்சிருக்கு" என்று யாரோ ஒருவர் என்றைக்கோ அதை முறுக்கி உள்ளே அனுப்பியிருப்பார். பல வருடம் கழித்து அதைக் கழற்ற வருகிறவர் துருவின் மேல் பழி போடுகிறார். "இறுகிப்போனது" என்று நம்மிடம் வரும் போல்ட்டுகளில் கணிசமானவை, அந்தத் துளைக்குப் பிறக்காத போல்ட்டுகள் என்பது என் திடமான கருத்து. ஆகவே கை வைப்பதற்கு முன்னால் அடுத்த துளையிலிருந்து சுலபமாக வந்த போல்ட்டை எடுத்து, புரிமானியை வைத்துப் பார்த்துவிட வேண்டும். எதிரில் இருப்பது துருவா, முந்தைய கையின் பிழையா என்று தெரியாமல் போடும் பலம் குருட்டுப் பலம்.

சரி, உண்மையிலேயே துருப்பிடித்த போல்ட்டுக்கு வருவோம். இரும்பு துருவாகும்போது பருக்கும். அது விழுங்கிய இரும்பைப்போல் குறைந்தது இருமடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். நீர் சேர்ந்த துருவென்றால் அதைவிடவும் அதிகம். எஃகு போல்ட் அலுமினியத்தில் உட்கார்ந்திருந்தால் நிலைமை வேறு. உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் ஒரு மின்கலம்போல வேலை செய்து, அரிக்கப்படுவது அலுமினியமாக இருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, புதுச்சேரி என்று கடலோரத்தில் நின்ற வண்டிகளைப் பிரித்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடி தெரிந்திருக்கும். அதுவும் பருத்துப் புரிகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஆக, போல்ட்டைப் பிடித்துவைத்திருப்பது ஒரு தலைமுடியைவிட மெல்லிய இடுக்கில் நெரிந்து கிடக்கும் பொடி. உடைந்த போல்ட்டை அறுத்துப் பாருங்கள். நடுவில் எஃகு பளபளவென்று, ஆலையிலிருந்து வந்த நாளைப்போல இருக்கும். "அந்தக் காலத்து இரும்பு மக்கிப்போச்சு" என்பதற்கு அங்கே ஆதாரம் இராது.

மக்காத எஃகு ஏன் முறிகிறது? நாம் அதை முறுக்குகிறோம். ஒரு கம்பி தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப அமையும். விட்டம் 8இலிருந்து 6 மி.மீ. ஆகக் குறைந்தால் தாங்கும் முறுக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல தரமுள்ள 6 மி.மீ. போல்ட்டை இறுக்கச் சொல்லும் அளவே சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். அதன் இருமடங்கை அது தாங்கும் என்று நம்ப முடியாது. ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் மூன்றரை கிலோவுக்கும் குறைவான எடை தொங்கினாலே அந்த 10 வந்துவிடும். அதே கைப்பிடியில் பைப் செருகி மூன்றடி ஆக்கினால் ஒரு கிலோ சொச்சம் போதும். பைப்பின் நுனியைப் பிடித்திருக்கும் மனிதனின் கைக்கு ஒரு கிலோவும் மூன்று கிலோவும் வித்தியாசம் தெரியாது. போல்ட்டின் கழுத்துக்குத் தெரியும். பைப் செருகும் பழக்கத்தை நான் இவ்வளவு வன்மையாக எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். அது பலத்தைக் கூட்டுவதோடு நிற்காமல், போல்ட் பேசுவதைக் கேட்கும் வழியையும் அடைத்துவிடுகிறது.

போல்ட் பேசும். குட்டையான ஸ்பேனரை வைத்து நிதானமாகப் பலம் கொடுத்தால், பிடி விடுகிற போல்ட் ஒரு சடக்கென்ற ஒலியோடு விடும். பிறகு கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டு திரும்பும். முனகல் நல்ல சகுனம். புரி புரியின் மேல் நகர்கிறது. ஆபத்து இருப்பது ஒலியே இல்லாத அசைவில். ஸ்பேனர் மெதுவாக, ரப்பரை முறுக்குகிறாற்போல, இதமாகச் சுற்றி வரும். "வருது வருது" என்று மகிழ்ச்சியோடு கத்துவார்கள். அங்கே வருவது தலை மட்டும். உடல் அப்படியே இருக்க, கழுத்து முறுகிக்கொண்டிருக்கிறது. அந்த இதத்தை உணர்ந்த கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று போனால் முறிவு. இதை உணரக் கற்றுக்கொண்ட கைதான் மெக்கானிக்கின் கை. மூன்றடிப் பைப்பின் நுனியில் இந்த உணர்வு வந்து சேராது. நகர்ந்த பிறகும் ஒரே மூச்சில் சுழற்றி வெளியே எடுக்கக் கூடாது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று என்று போக வேண்டும். சில வேளை முதல் அசைவை இறுக்கும் திசையில் கொடுத்தால்தான் பிடி விடும். ஒரே திசையில் இழுத்தால் நெரிந்த பொடி அடுத்த புரியில் போய்க் குவிந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும். பாதி வெளியே வந்த போல்ட்டுகள் உடைவது இதனால்தான்.

எண்ணெய் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது. மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில், ஸ்ப்ரே என்று எதையாவது ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் கழன்றுவிடும் என்பார்கள். எல்லோரும் கையில் வைத்திருக்கும் டபிள்யூ.டி-40 பிறந்த கதையைக் கவனியுங்கள்: 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விலக்கி ராக்கெட்டின் உலோகத் தோலைத் துருவிலிருந்து காப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலைக்கு அது நல்ல பொருள். ஆனால் எந்த எண்ணெயும் இடைவெளி இருந்தால்தான் உள்ளே போகும். பொடி நெரிந்து அடைத்துக்கொண்ட இடத்தில் இடைவெளி எங்கே இருக்கிறது? ராத்திரி முழுக்க ஊறினாலும் அது மேல் புரியைத் தாண்ட வழியில்லை. மறுநாள் காலையில் "ஊறிடுச்சு" என்ற தைரியத்தோடு பைப்பைச் செருகுகிறார்கள். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் அந்தப் பொடியில் விரிசல் விழ வேண்டும். விரிசலை உண்டாக்குபவை இரண்டு: அதிர்ச்சி, சூடு.

அதிர்ச்சி என்றால் போல்ட்டின் தலைமேல், அதன் அச்சுக்கு நேராக, பித்தளைத் துண்டை வைத்து அடிக்கும் சுருக்கமான அடிகள். பத்துப் பதினைந்து அடி, கொஞ்சம் எண்ணெய், மறுபடி அடி. கவர் ஸ்க்ரூக்களுக்கு இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் இதையே செய்கிறது: அடியையும் திருப்பத்தையும் ஒரே கணத்தில் கொடுக்கிறது, முனையைக் குழியில் அழுத்தி வைத்திருப்பதால் வழுக்குவதில்லை. வார்ப்பிரும்பு பேரலின் செதில்களுக்குப் பக்கத்தில் மட்டும் சுத்தியலை ஓங்கக் கூடாது; செதில் வளையாமல் உதிர்ந்துவிடும்.

சூட்டைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகமான குழப்பம். ஒரு பக்கம், கேஸ் வெல்டிங் சுடரை எடுத்துப் போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சு என்பார்கள். இன்னொரு பக்கம், அலுமினியத்தைச் சூடாக்கினால் கோணிவிடும், கிட்டேயே போகாதே என்பார்கள். உலோகம் எது என்று கேட்காமல் சொல்லப்படுவதால் இரண்டுமே தவறு. வார்ப்பிரும்பு பேரலும் எஃகு ஸ்டட்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். அங்கே இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதில் பயன் குறைவு. ஸ்டட்டை மட்டும் சூடாக்க வேண்டும். அது பருத்துப் பொடியை நொறுக்கும். ஆறும்போது சுருங்கி இடைவெளி விடும். அந்த இளஞ்சூட்டில் மெழுகுவத்தியை ஒற்றினால் மெழுகு உருகி, எண்ணெய் போக மறுத்த இடுக்குக்குள் இழுபட்டுப் போகும். அலுமினியத்தில் முறை தலைகீழ். எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும் உலோகம் அது. 8 மி.மீ. துளையைச் சுற்றியுள்ள வார்ப்பை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால், உள்ளிருக்கும் போல்ட்டும் அதே சூடு ஏறியிருந்தாலும்கூடத் துளை அதைவிட ஒன்பது மைக்ரான் அளவுக்கு அகலும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய இடைவெளியா உதவும் என்று கேட்பவர்களுக்கு, போல்ட்டைப் பிடித்திருந்த பொடியின் தடிமனும் அதே கணக்குதான் என்பது பதில். அலுமினியத்தில் பதிந்த போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சுவது கொடுமை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே தளரும். இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கை தராது. 120 முதல் 150 டிகிரி வரை, வார்ப்பு முழுவதும் ஒரே சீராகச் சூடானால் போதும். தண்ணீரைத் தெளித்தால் சொட்டு சீறித் துள்ள வேண்டும். ஓவன் இருந்தால் அதைவிட நல்லது.

இந்தச் சூட்டில் வார்ப்பு கோணிவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதே பட்டறையில், அதே கிராங்க் கேஸிலிருந்து மெயின் பேரிங்கைக் கழற்ற அவர்கள் என்ன செய்கிறார்கள்? சூடாக்குகிறார்கள். பேரிங் தானாக விழுகிறது. பேரிங்குக்குக் கோணாத கேஸ் போல்ட்டுக்குக் கோணிவிடாது. ஓரிடத்தில் மட்டும் சுடரை நிறுத்திவைப்பதுதான் கோணலுக்கு வழி. சூடாக்கும் முன் ஆயில் சீல்களை எடுத்துவிட வேண்டும், பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. அசிட்டோனும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றியிருந்தால் அது முழுக்க உலர்ந்த பிறகே நெருப்பு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் வாயு உயிரை எடுக்கும்.

எதிர்த்தரப்புக்கு ஓர் இடத்தில் நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பேரலுக்குள் ஊடுருவிப் போகும் நீண்ட ஸ்டட்டுகளில், ஈரம் தேங்கும் நடுப்பகுதியில் துரு தின்று இடுப்பு சிறுத்திருக்கும். விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தாங்கும் முறுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்படிப்பட்ட ஸ்டட் எவ்வளவு பக்குவமாகத் திருப்பினாலும் முறியக்கூடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கலாம் என்றாகிவிடாது. இடுப்பு சிறுத்ததைப் பார்த்தபிறகு அதை முறுக்கவே கூடாது. பிடிக்க நீளம் இருக்கும்போதே, வார்ப்புக்கு மேலே அறுத்து, நட்டை வெல்டிங் செய்து எடுக்கும் வழிக்குப் போய்விட வேண்டும்.

உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே வெளியே வருகிறது ஈஸி அவுட். பழைய எஞ்சின்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி கருவிப்பெட்டியில் வேறு எதுவும் இல்லை என்பேன். யோசித்துப் பாருங்கள். முழு தடிமனும் உள்ள போல்ட், தலையைப் பிடித்துத் திருப்பியபோது வராமல் முறிந்தது. இப்போது அதன் நடுவில் துளை போட்டு, அதில் பாதி தடிமனுள்ள ஒரு கூம்புக் கருவியைச் செருகி, முன்பு வராததை இப்போது வா என்கிறோம். பாதி விட்டமுள்ள கம்பி, அதே உலோகமானால், எட்டில் ஒரு பங்கு முறுக்கைத்தான் தாங்கும். ஈஸி அவுட் கடினமான எஃகு என்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கலாம். ஆனால் கடினமானது வளைந்து எச்சரிக்காது, சட்டென்று ஒடியும். போதாக்குறைக்கு அதன் கூம்பு, துளையிட்டு மெலிந்த போல்ட்டை உள்ளிருந்து அகட்டிப் புரிகளை மேலும் நெரிக்கிறது. அது ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கி, பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்துக்குள் இறங்கும். ஒரு கிராங்க் கேஸ் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஈஸி அவுட்டுக்கு ஒரே ஒரு வேலை உண்டு: துருவே இல்லாமல், அதிகமாக இறுக்கியதால் தலை தெறித்த போல்ட்டின் தளர்ந்த முனையை எடுப்பது. அப்படிப்பட்ட முனை பெரும்பாலும் கூரான ஊசியால் தள்ளினாலே சுற்றி வந்துவிடும்.

உடைந்த முனை வார்ப்பின் மட்டத்துக்கு வெளியே கொஞ்சமாவது தெரிந்தால், முதல் வழி வெல்டிங்கே. ஒரு நட்டை அதன்மேல் வைத்து, நட்டின் உள்துளை வழியாக வெல்டிங்கை நிரப்ப வேண்டும். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அந்த இயல்பே இங்கே துணை. பிடிப்பதற்குப் புதிய தலை கிடைக்கிறது. அதைவிட முக்கியம், சூடு நேராகப் போல்ட்டின் நெஞ்சுக்குள் போய், ஆறும்போது அதைச் சுருக்கிப் பிடியை விடுவிக்கிறது. ஒருமுறை நட்டு பெயர்ந்து வந்தாலும் மறுமுறை வெல்டிங் செய்யலாம். ஒவ்வொரு முறையும் சூடு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எர்த் கவ்வியை அந்த இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். இதைக் "கடைசி முயற்சி" என்று நம் பட்டறைகளில் தள்ளிவைக்கிறார்கள். ஈஸி அவுட்டும் டிரில்லும் துளையைக் குதறிய பிறகு வெல்டரிடம் போனால் அவருக்கு ஒட்டவைக்க எஃகே மிஞ்சியிருக்காது.

முனை உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தால் டிரில்தான். அதையும் கையால் பிடித்துச் செய்யக் கூடாது. முறிந்த முகம் மேடுபள்ளமானது. டிரில் நடுவில் நிற்காது. லேத்தில் ஒரு சிறு புஷ் கடைந்து துளைக்குள் இறக்கி, அதன் வழியாக டிரில்லை நடுமையத்தில் நிறுத்த வேண்டும். இடதுகைப் புரி டிரில் கிடைத்தால் இன்னும் நல்லது. குடையும்போதே, அந்தச் சூட்டிலும் அதிர்விலும் முனை கழன்று டிரில்லோடு ஏறி வருவதுண்டு. 8 மி.மீ. சாதாரணப் புரிக்கு 6.8 வரை, 6 மி.மீ.க்கு 5 வரை குடைந்து, மிச்சமிருக்கும் புரிச்சுருளை ஊசியால் உரித்து எடுத்துவிடலாம். மையம் தப்பாமல் இருந்தால் பழைய புரி அப்படியே பிழைத்துவிடும்.

டேப்போ ஈஸி அவுட்டோ ஏற்கெனவே உள்ளே ஒடிந்திருந்தால் ஸ்பார்க் எரோஷன் இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தில் லாசரென்கோ தம்பதி 1943இல் கண்டறிந்த முறை. மின்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரித்தெடுக்கும். எவ்வளவு கடினமான எஃகானாலும் அதற்கு ஒன்றுதான். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அச்சு செய்யும் டூல் ரூம்களில் இந்த எந்திரம் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர்களில் பலர் அந்த வாசலை மிதித்ததே இல்லை. சின்ன எஃகு ஸ்க்ரூ அலுமினியத்தில் ஒடிந்திருந்தால் இன்னும் எளிய வழி நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது: படிகாரம். படிகாரத்தைச் சுடுநீரில் கெட்டியாகக் கரைத்து, கொதிக்குமுன் உள்ள சூட்டில் வைத்திருந்தால் அது எஃகை மெல்லக் கரைத்துவிடும். அலுமினியத்தைப் பெரிதாகத் தொடாது. கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் பித்தளைத் தட்டில் ஒடிந்த ஸ்க்ரூவை எடுக்கக் கையாளும் பழைய முறை இது. மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும். வேறு எஃகு எதுவும் அந்தக் கரைசலில் நனையக் கூடாது. வார்ப்பிரும்பு பேரலுக்கு இது ஆகாது, பேரலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

புரி போய்விட்ட துளைக்குப் பெரிய போல்ட் போடுவதை நம்மவர்கள் கௌரவமான வேலை என்றும், ஹெலிகாயில் போடுவதை ஒட்டுவேலை என்றும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பெரிய துளை, சுற்றியுள்ள வார்ப்பின் சுவரை மெலிய வைக்கிறது. அடுத்த முறை புரி போனால் போக இடமிருக்காது. எஃகுச் சுருள் வைத்த துளை, அதே அளவு போல்ட்டை ஏற்று, மெத்தென்ற அலுமினியத்தில் நேரடியாக வெட்டிய பழைய புரியைவிட உறுதியாகப் பிடிக்கும். விமான எஞ்சின்களின் பிளக் துளைகளில் ஆலையிலேயே அது வைக்கப்பட்டது. அதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக நேரக் கணக்கு. "இவ்வளவு பக்குவம் பார்த்தா பொழப்பு நடக்குமா?" என்று பட்டறைக்காரர் கேட்பார். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. தினக்கூலி கணக்கில் ஓடும் கடைக்கு நேரம் பணம்தான். ஆனால் எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். வார்ப்பைச் சூடாக்குவது சில நிமிட வேலை. பத்து அடி அடிப்பது ஒரு நிமிடம். சரியான ஸ்பேனரைத் தேடி எடுப்பது அதைவிடக் குறைவு. உடைந்த ஒரே ஒரு ஸ்டட்டை எடுக்க லேத், வெல்டர், டூல் ரூம் என்று அலைவதில் ஒரு முழு நாள் போகும்; வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அதோடு போகும். அவசரம்தான் இங்கே விலை உயர்ந்தது. இந்தத் தொழிலில் நல்ல கைகள் நம் ஊரில் ஏராளம். கண்ணால் பார்த்தே டாப்பெட் இடைவெளி சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறை திறமையில் இல்லை. "உடையத்தான் செய்யும்" என்று குருவிடம் கேட்டதை அப்படியே சீடனுக்குக் கடத்தும் பழக்கத்தில் இருக்கிறது. கற்றுக்கொள்ள வரும் பையனின் கையில் முதல் நாளே பைப்பைக் கொடுத்தால் போல்ட்டின் முனகலை அவன் எப்போது கேட்பது?

திருப்பிப் பூட்டும்போது புரியைத் துடைத்து, சரியான புரியுள்ள போல்ட்டைப் போட்டு, காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவி, டார்க் ரென்ச்சில் உலர்ந்த புரிக்குச் சொன்ன அளவைவிடச் சற்றுக் குறைத்து இறுக்கினால், இருபது வருடம் கழித்து அதைப் பிரிக்க வருகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்கும் முன் வண்டிக்காரர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: விட்வொர்த் ஸ்பேனர் இருக்கிறதா? கேஸை எதை வைத்து, எவ்வளவு சூடாக்குவீர்கள்? ஒரு போல்ட் வர மறுத்தால் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பட்டறையில் உங்கள் கிராங்க் கேஸை விட்டுவிட்டு வராதீர்கள்.